ஐம்பத்தைந்து வயதில் கைலி: ‘டென்ஷன்’ ஆல்பம் பற்றி ஒரு ரசிகனின் மதிப்பீடு

ஆஸ்திரேலியப் பாப் பாடகி கைலி மினோக்கின் 16ஆவது ஸ்டூடியோ ஆல்பமான ‘டென்ஷன்’ 2023 செப்டம்பர் 22 அன்று வெளிவந்தது. மொத்தம் 11 பாடல்கள். முதலிலிருந்து கடைசிவரை கேட்க 40 நிமிடம்கூட ஆவதில்லை. வெளியான முதல் வாரத்திலேயே பிரிட்டனின் ஆல்பம் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்துவிட்டது. அந்த இடம் அவருக்குக் கிடைப்பது இது 9ஆவது முறை. தரவரிசை எதைச் சொன்னாலும், நெடுங்கால ரசிகன் என்ற முறையில் என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2010இல் வந்த ‘அஃப்ரோடைட்டி’க்குப் பிறகு அவர் தந்தவற்றில் இதுவே மிகச் சிறந்தது, இரண்டு பாடல்களை எடுத்துவிட்டிருந்தால் இன்னும் சிறந்திருக்கும்.

அவரை அதிகம் அறியாதவர்களுக்காகச் சில வரிகள். 1968இல் மெல்பர்னில் பிறந்தவர் கைலி. ‘நெய்பர்ஸ்’ என்ற ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தொடரில் கார் மெக்கானிக் சார்லீனாக நடித்து வீட்டுக்கு வீடு அறிமுகமாகியிருந்த அவர், 1987இல் ‘லோகோமோஷன்’ என்ற பழைய பாடலைப் புதிதாகப் பாடி வெளியிட்டுப் பாடகியானார். லண்டனில் ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மேன் என்ற மூவர் கூட்டணி அவருக்காக அடுத்தடுத்துப் பாடல்களை அமைத்துக்கொடுத்த நாட்களில், இது தொலைக்காட்சிப் புகழ் இருக்கும்வரைதான் நீடிக்கும் என்று நினைத்தவர்களே அதிகம். அந்தக் கணிப்பைப் பொய்யாக்க அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 2001இல் வந்த ‘ஃபீவர்’ ஆல்பத்துக்குப் பிறகு அப்படிப் பேச யாரும் துணியவில்லை. 2005இல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டு இசைச் சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்தியவர், அடுத்த ஆண்டே மீண்டும் மேடை ஏறினார். நமக்கும் அவர் முற்றிலும் அந்நியர் அல்லர்: 2009இல் வந்த ‘ப்ளூ’ என்ற இந்திப் படத்தில் ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் பாடி, அக்‌ஷய் குமாருடன் ஆடியவர் இவர்தான். அந்தப் பாடலை மட்டும் வைத்து அவரை அளந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

‘டென்ஷன்’ ஏன் எனக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது என்பதைச் சொல்ல, அதற்கு முந்தைய இரண்டு ஆல்பங்களைத் தொட்டாக வேண்டும். 2018இல் வந்த ‘கோல்டன்’ அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துக் கன்ட்ரி என்ற நாட்டுப்புறச் சாயல் இசையின் பக்கம் போனது. கிட்டாரும் கைத்தட்டலும் இருந்தன, கைலிதான் கொஞ்சம் குறைவாக இருந்தார். 2020இல், பொதுமுடக்கத்தின் நடுவே வந்த ‘டிஸ்கோ’ அவரை ஆட்டக் களத்துக்குத் திரும்ப அழைத்துவந்தது. ஆனால் அது பெயருக்கேற்ப 1970களின் உடையைத் தலை முதல் கால்வரை அணிந்துகொண்ட ஆல்பம். வயலின் தொகுதிகள், துள்ளும் பேஸ் (அடித்தொனி), பளபளக்கும் பின்னணிக் குரல்கள் என எல்லாம் சரியாக இருந்தும், ஐந்தாறு பாடல்களுக்குப் பிறகு ஒரு வேடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற உணர்வு எனக்கு வந்துவிட்டது. புதிய ஆல்பத்தையும் முதலில் 1980களின் எலக்ட்ரானிக் ஒலியை மையமாக வைத்தே திட்டமிட்டதாகவும், பின்னர் ஒவ்வொரு பாடலையும் அதனதன் போக்கில் விட்டுவிடத் தீர்மானித்ததாகவும் கைலியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தத் தீர்மானம்தான் இந்த ஆல்பத்தைக் காப்பாற்றியது என்பேன்.

முதலில் ‘படாம் படாம்’. மே மாதமே தனிப்பாடலாக வந்து, கோடை முழுவதும் கேளிக்கை விடுதிகளிலும் கைப்பேசித் திரைகளிலும் சுற்றிச்சுற்றி வந்த பாடல் இது. லாஸ்ட்பாய் என்ற பெயரில் இயங்கும் தயாரிப்பாளரும் நார்வே நாட்டுப் பாடலாசிரியர் இனா ரோல்ட்சனும் சேர்ந்து எழுதியது. இதயம் அடித்துக்கொள்ளும் ஓசையையே பல்லவியாக்கியிருக்கிறார்கள். சரணங்களில் கைலி ஏறக்குறைய பேசுகிறார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை, ஒரு குறும்பு மட்டும் இருக்கிறது. எதிரில் நிற்பவனின் மனத்தில் என்ன ஓடுகிறது என்பது தனக்கு முன்பே தெரியும் என்பதைப் போலப் பாடிக்கொண்டுபோய், பல்லவியில் திடீரென்று தாளத்தின்மேல் ஏறிக்கொள்கிறார். மூன்று நிமிடம்கூட இல்லாத பாட்டில் வீணான ஒரு விநாடி இல்லை.

இந்தப் பாடல் பிரிட்டனில் 8ஆம் இடம்வரை ஏறியதால், 1980கள் தொடங்கி 2020கள்வரை ஒவ்வொரு பத்தாண்டிலும் முதல் பத்து இடங்களுக்குள் வந்த மிகச் சிலரில் ஒருவராகிவிட்டார் கைலி. ஆனால் அதற்குமுன் ஒரு விவாதம் நடந்தது. இளைஞர்களுக்கான வானொலிகள் இதைத் தங்கள் பட்டியலில் சேர்க்கத் தொடக்கத்தில் தயங்கியபோது, ஐம்பதைக் கடந்த ஒரு பெண்ணின் ஆட்டப் பாடலுக்கு அங்கே இடமில்லையா என்ற கேள்வி பத்திரிகைகள்வரை போனது. பாட்டு தானாகவே பரவிய பிறகு கதவுகள் திறந்தன. இளைஞர்கள் அதைக் கேட்டு ஆடிக்கொண்டிருக்கும்போதே, இளைஞர்களுக்கு அது பிடிக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

கைலியின் குரலைப் பற்றி எப்போதும் ஒரு குறை சொல்லப்படுவதுண்டு: மெல்லிய குரல், கனமில்லை, பெரிய பாடகிகளைப் போல ஓங்கி எழும் வலுவில்லை. இவை எல்லாமே உண்மைதான். ஆனால் ஆட்ட இசைக்கு வேண்டியது ஓங்கி எழும் குரல் மட்டுமல்ல. கனமான பேஸுக்கும் இடைவிடாத டிரம்முக்கும் நடுவில், அவற்றோடு மோதாமல், நூல் போல நுழைந்து வெளிவரத் தெரிந்த குரலும் வேண்டும். அந்தக் கலையில் இன்று அவரை மிஞ்ச ஆளில்லை. பொதுமுடக்க நாட்களில் ‘டிஸ்கோ’வுக்காகத் தன் குரலைத் தானே வீட்டில் ஒலிப்பதிவு செய்யக் கற்றுக்கொண்டவர், அந்தப் பழக்கத்தை இந்த ஆல்பத்திலும் தொடர்ந்திருக்கிறார். யாருடைய காத்திருப்பும் இல்லாமல், ஒரு வரியைத் திருப்தி வரும்வரை பாடிப் பார்த்த நிதானம் பல இடங்களில் தெரிகிறது. இயர்போனில் கேட்கும்போது, வரியின் முடிவில் மூச்சு எங்கே தேய்கிறது, எந்தச் சொல்லை வேண்டுமென்றே தாமதமாக விடுகிறார் என்பதெல்லாம் துல்லியமாகப் பிடிபடும். அதே பாட்டைப் பெரிய ஒலிபெருக்கியில் போட்டால் அந்த நுணுக்கங்கள் மறைந்து, உடம்பை அசைக்கும் ஓர் ஒலியாக மட்டும் குரல் நின்றுவிடுகிறது. இரண்டு விதமாகவும் தாக்குப்பிடிப்பதால்தான் இதை நல்ல ஆட்ட ஆல்பம் என்கிறேன்.

தலைப்புப் பாடலான ‘டென்ஷன்’ இதற்கு நல்ல சான்று. 1990களின் ஹவுஸ் என்ற மின்னணு ஆட்ட இசைக்கே உரிய பியானோ அடிகள், நடுவே இயந்திரத்தின் குரலைப் போல மாற்றப்பட்ட ஒரு குரல், பிறகு திறந்த வெளிக்கு வந்ததைப் போல விரியும் பல்லவி. வரிகள் வெளிப்படையான காமத்தைப் பேசுகின்றன. வயதுக்கேற்ற அடக்கத்தை எதிர்பார்த்து வருபவர்கள் முகம் சுளிக்கலாம். அவர் இதைச் சவாலாகவும் முழங்கவில்லை, மன்னிப்புக் கேட்கும் தொனியிலும் பாடவில்லை. இயல்பாக, ஒரு சிரிப்போடு பாடிவிட்டுப் போகிறார். மூத்த பாப் நட்சத்திரங்கள் பலர் தங்கள் வயதையே பாட்டின் பொருளாக்கி நம்மைக் களைப்படையச் செய்யும் காலத்தில் இந்த இயல்பு பெரிய விஷயம்.

ஆனாலும் ஆல்பத்தின் உயரம் என்று நான் கருதுவது இரண்டாவது பாடலான ‘ஹோல்ட் ஆன் டு நவ்’. வேகம் சற்றுக் குறைவு. அகலமாக விரியும் சிந்தசைஸர் ஒலிக்கு மேலே, எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்று தெரியாத ஒரு வாழ்க்கையில் இந்தக் கணத்தை மட்டுமாவது விடாமல் பிடித்துக்கொள்ளலாம் என்கிறார். எழுத்தில் படித்தால் யாரும் சொல்லக்கூடிய கருத்துத்தான். ஆட்டத்தின் நடுவே, கால்கள் நிற்காமல் இருக்கும்போதே தொண்டையில் ஏதோ அடைக்கும் அந்த இரட்டை உணர்வைத்தான் கைலியின் ரசிகர்கள் அவரிடம் தேடிப் போகிறோம். இந்தப் பாடலில் அது முழுமையாகக் கிடைக்கிறது. துக்கத்தையும் துள்ளலையும் ஒரே தாளக்கட்டில் வைப்பது டிஸ்கோ காலத்திலிருந்தே இந்த இசையின் மரபு. அந்த மரபை அவர் உடையாக அணியாமல் உள்வாங்கிப் பாடியிருக்கிறார் என்பதுதான் முந்தைய ஆல்பத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு.

‘திங்ஸ் வீ டூ ஃபார் லவ்’ 1980களின் திரைப்படப் பாடல்களைப் போலத் தலைதெறிக்க ஓடுகிறது. கைவிடப்பட்ட பழைய திட்டத்தின் மிச்சம் என்று தோன்றினாலும், உற்சாகத்துக்குக் குறைவில்லை. ‘யூ ஸ்டில் கெட் மீ ஹை’ அதைவிட ஒரு படி மேல்: அவசரமில்லாமல் தொடங்கி, பாதி வழியில்தான் தன் வேகத்தைக் காட்டுகிறது. முதல் முறை கேட்கும்போது, தொடக்கத்தை மட்டும் வைத்து இதை மெல்லிசைப் பாட்டு என்று நினைப்பவர்கள் பொறுமையாக இருந்தால் பலன் உண்டு. ‘ஹேண்ட்ஸ்’ பாடலில் ராப்பைப் போல வேகமாகச் சொற்களை உதிர்த்துப் பார்க்கிறார். முதலில் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, இப்போது வரி வரியாக மனப்பாடம். ‘கிரீன் லைட்’ சாக்ஸபோனோடு வரும் இதமான பாடல். ‘ஒன் மோர் டைம்’ கேட்கும்வரை நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

எடுத்துவிட்டிருக்கலாம் என்று நான் சொன்னவை ‘வேகாஸ் ஹை’யும் ‘10 அவுட் ஆஃப் 10’உம். முதலாவது, 2023 நவம்பரில் லாஸ் வேகாஸின் வெனீஷியன் விடுதியில் அவர் தொடங்கிய மேடை நிகழ்ச்சித் தொடருக்கான விளம்பரம் போலவே ஒலிக்கிறது. பத்தாண்டுகளுக்கு முன் எல்லா இசை விழாக்களிலும் கேட்ட அதே ஏற்றம், அதே இறக்கம். இரண்டாவது, டச்சு டீஜே ஆலிவர் ஹெல்டன்ஸோடு சேர்ந்து செய்தது. உடலுக்கு இத்தனை மதிப்பெண், தொடுதலுக்கு இத்தனை மதிப்பெண் என்று அடுக்கிக்கொண்டு போகும் ஹவுஸ் பாடலான அதில், தன் வீட்டு விசேஷத்துக்கே விருந்தாளியாக வந்தவரைப் போல ஓரமாக நிற்கிறார் கைலி. அந்த மெட்டை வேறு எந்தப் பாடகி பாடியிருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது. இரண்டும் ஆல்பத்தின் பின்பாதியில் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது இன்னொரு பிழை. அதுவரை ஏறிவந்த வேகம் அந்த இடத்தில் தளர்ந்துவிடுகிறது.

நல்லவேளையாக, அதன் பிறகு ‘ஸ்டோரி’ வருகிறது. ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கும் மேலாக அவரோடு எழுதிவரும் பிஃப் ஸ்டானர்ட், அவருடைய கூட்டாளி டக் பிளாக்வெல் ஆகியோரின் கை இந்த ஆல்பம் முழுவதும் தெரிகிறது என்றாலும், கைலியை உண்மையாகவே அறிந்தவர்கள் அமைத்த இசை என்பது இந்தப் பாட்டில்தான் நன்றாகப் புலப்படும். இருண்ட ஒரு வழியைக் கடந்தாயிற்று, பக்கத்தைப் புரட்டு, மேடைக்கு வா என்பதுதான் பொருள். யாரிடம் சொல்கிறார், தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்பதைத் திறந்தே விட்டிருக்கிறார். இசையும் கூடவே ஏறி, உச்சத்தைத் தொட்டதும் அதிக நேரம் அங்கே நிற்காமல் முடிந்துவிடுகிறது.

பாடல்களின் சுருக்கத்தைப் பற்றி ஒரு மனத்தாங்கலும் உண்டு. இன்றைய ஸ்ட்ரீமிங் வழக்கப்படி பெரும்பாலான பாடல்கள் மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன. ‘படாம் படாம்’ பாட்டுக்கு அது பொருந்துகிறது. ‘ஹோல்ட் ஆன் டு நவ்’ போன்ற பாடலுக்கு இன்னும் ஒரு நிமிடம் கொடுத்து, குரல் ஓய்ந்த பிறகும் தாளம் மட்டும் ஓடவிட்டிருந்தால், அது ஆட்டக் களத்தில் தன் முழு வலுவையும் காட்டியிருக்கும். பழைய 12 அங்குல இசைத்தட்டுகளில் நீட்டித்த வடிவங்கள் இருந்ததற்குக் காரணமே அதுதான். ஆடுபவர்களுக்குப் பாட்டின் உள்ளே புகுந்துகொள்ள நேரம் தேவைப்படுகிறது.

வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. வெவ்வேறு நிற வைனல் இசைத்தட்டு, கேசட், சிடி என்று இதைப் பல வடிவங்களில் விற்கிறார்கள். முதல் வாரத் தரவரிசைக்கு ரசிகர்களின் பணப்பையைக் கறக்கும் இந்த வழக்கம் கைலி மட்டும் செய்வதல்ல என்றாலும், ஒரே பாடல்களைத் திரும்பத் திரும்ப வாங்கச் சொல்வது எனக்கு உவப்பாக இல்லை. வாங்குவதானால் 14 பாடல்கள் கொண்ட டீலக்ஸ் பதிப்பை வாங்குங்கள். அதில் கூடுதலாக இருக்கும் மூன்றில் ‘சம்படி டு லவ்’ மிக நல்ல பாடல். ‘வேகாஸ் ஹை’ இருந்த இடத்தில் அதை வைத்திருந்தால் நான் மேலே எழுதிய குறையில் பாதி இருந்திருக்காது. ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் அந்த வரிசையைத் தாங்களே மாற்றியமைத்துக்கொள்ளலாம்; நான் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.