விமானத்தில் லோ கார்ப்: டயபெட்டிக் மீல், ஏர்போர்ட் கடை, வீட்டுப் பொட்டலம், விரதம் – எது சரிப்படும்?

பேலியோவோ கீட்டோவோ, மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருக்கும்வரை தடுமாறுவதில்லை. விமானத்தில் ஏறும்போதுதான் சிக்கல். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நாலு, நாலரை மணி நேரம். லண்டன் என்றால் பத்து, பதினொன்று. மூன்று மணி நேரம் முன்னதாக ஏர்போர்ட்டில் நிற்பது தனி. இந்த நேரத்தைக் கடக்க நாலு வழி உண்டு. என் ஓட்டு வீட்டுப் பொட்டலத்துக்குத்தான். ஆனால் மற்ற மூன்றையும் தள்ளிவிட முடியாது.

பலரும் பெயரைப் பார்த்து நம்புவது டயபெட்டிக் மீல். புக்கிங்கில் டிபிஎம்எல் என்று இருக்கும். சுகர் உள்ளவர்களுக்கென்றே தருவதால் மாவுச்சத்து இருக்காது என்று நினைத்துவிடுகிறோம். அந்த மெனுவின் கணக்கே வேறு. சர்க்கரையும் கொழுப்பும் குறைவு, நார்ச்சத்து அதிகம் என்பதுதான் அதன் அடிப்படை. தட்டைத் திறந்தால் கோதுமை பிரெட், கொழுப்பு நீக்கிய தயிர், பப்பாளி, முலாம்பழத் துண்டுகள், வெறுமனே வேகவைத்த காய், ஓரமாகக் கொஞ்சம் சோறு என்றுதான் பெரும்பாலும் இருக்கும். மாவுச்சத்துக்குப் பதில் கொழுப்பை நம்பும் நமக்கு வேண்டிய வெண்ணெய் இல்லை. வேண்டாத பிரெட்டும் பழமும் உண்டு.

இதைவிட ஹிந்து நான்வெஜ் மீலோ சீஃபுட் மீலோ எவ்வளவோ தேவலை. கோழி, ஆடு, மீன் என ஏதாவது ஒன்று வரும், சோற்றை ஒதுக்கிவிடலாம். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருப்பதால், ஒதுக்கியதிலேயே பாதி வேலை முடிந்தது. எதுவானாலும் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் சொல்லிவிட வேண்டும். சைவக்காரர்கள் பாடுதான் கஷ்டம். சோறு, சப்பாத்தி, பருப்பு, இனிப்பு எல்லாவற்றையும் ஒதுக்கினால் மிஞ்சுவது நாலு துண்டு பனீரும் வெள்ளரிக்காயும்தான்.

ஏர்போர்ட் கடைகளில் ஆம்லெட், தந்தூரி சிக்கன், பன் இல்லாத பர்கர் என்று ஏதாவது தேறும், விலைதான் கடிக்கும். சிங்கப்பூரின் சாங்கி ஏர்போர்ட் வழியாகப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு நல்ல வழி உண்டு. அங்கே காயா (தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்த்த ஜாம்) தடவிய டோஸ்ட் விற்கும் கடைகளில் டோஸ்ட்டை விட்டுவிட்டு அரைவேக்காட்டு முட்டை இரண்டும், ஒரு கோப்பி-ஓ கோசோங்கும் கேளுங்கள். பாலும் சர்க்கரையும் இல்லாத கடுங்காப்பி வரும்.

இனி வீட்டுப் பொட்டலம். நம் கட்டுச்சோறு புளியும் நல்லெண்ணெயும் சேர்வதால் தாங்கியது. முட்டைக்கும் பனீருக்கும் அந்தத் தாங்கும் சக்தி கிடையாது. சமைத்த உணவு வெளியில் இரண்டு மணி நேரம் இருக்கலாம், சென்னை வெயிலில் அதுவும் குறைவு. அதனால் சாப்பிடும் வரிசை முக்கியம். முட்டையையும் நெய்யில் மிளகு போட்டுப் புரட்டிய பனீரையும் ஏர்போர்ட்டில் செக்-இன் முடிந்த கையோடு காலி செய்துவிடுங்கள். மூடிய கேபினில் அவித்த முட்டை டப்பாவைத் திறந்து பக்கத்து சீட்காரரைச் சங்கடப்படுத்தவும் வேண்டாம். உள்ளே கொண்டுபோக வேண்டியது வறுத்த பாதாம், கடினமான சீஸ். பாதாம் 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 21 கிராம், அதில் 12 கிராம் சர்க்கரையை ஏற்றாத நார்ச்சத்து. முந்திரியில் 30 கிராம், நார்ச்சத்தோ சொற்பம். விமானத்தில் விற்கும் முந்திரி டப்பாவை யோசித்து வாங்குங்கள்.

தயிரும் பீநட் பட்டரும் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில் வரும். இந்தியாவிலிருந்து கிளம்பும் சர்வதேசப் பயணத்தில் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள். தேங்காய்ச் சில்லு நமக்கு உயிர், ஆனால் இந்திய விமான நிலையங்களில் முழுத் தேங்காய் கைப்பையில் போகாது. சபரிமலை பக்தர்களின் இருமுடிக்கே 2024 சீசனில் தனியாக அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. காலி பாட்டிலை எடுத்துப்போய் சோதனை தாண்டியதும் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். கேபின் காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போகும். மாவுச்சத்தைக் குறைத்த புதிதில் உடம்பு உப்பையும் நீரையும் கூடுதலாகவே வெளியேற்றும். தலைவலி வந்தால் பசி என்று பிஸ்கட்டைத் தேடாமல் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடித்துப் பாருங்கள். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

நாலாவது, விரதம். சிங்கப்பூர், துபாய் தூரத்துக்கு இதைவிட எளிய வழி இல்லை. வீட்டில் நாலு முட்டை ஆம்லெட்டை நெய் விட்டுச் சாப்பிட்டுக் கிளம்பினால், இறங்கும்வரை கடுங்காப்பியும் தண்ணீருமே போதும். ஆனால் இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமெபிரைட் மாதிரி சுகர் மாத்திரை எடுக்கிறவர்களும் தாங்களாக இதில் இறங்கக் கூடாது. நடுவானில் சர்க்கரை தாழ்ந்தால் ஆபத்து. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு இன்னொரு அபாயம்: மாவுச்சத்தும் இல்லை, தண்ணீரும் குறைவு என்றால், மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே கீட்டோ அசிடோசிஸ், அதாவது ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்தான நிலை, வரலாம். டிக்கெட் போடும்போதே டாக்டரிடம் பேசிவிடுங்கள். கைப்பையில் குளுக்கோஸும் இருக்கட்டும்.

ஆக, ஐந்து மணி நேரத்துக்குள் என்றால், மருந்து இடம் கொடுத்தால் விரதம். லண்டன் மாதிரி தூரத்துக்கு நான்வெஜ் மீலைச் சொல்லிவைத்து, கூடவே பாதாமும் சீஸும். சைவம் என்றால் பொட்டலத்தைக் கொஞ்சம் பெரிதாகவே கட்டுங்கள். எது மிஞ்சினாலும் இறங்குவதற்கு முன் முடித்துவிடுங்கள்: ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுபோகக் கூடாது, ஆஸ்திரேலியாவில் உணவை அறிவிக்காமல் போனால் அபராதம்.