மதுரை கே.கே. நகர் நரம்பியல் கிளினிக்கில் முகத்துடிப்புக்குக் கிடைத்த ஆலோசனை

இடக்கண் துடித்தால் பெண்களுக்கு நல்ல சேதி வரும் என்று என் அத்தை சொன்னதிலேயே ஒரு மாதம் ஓடிவிட்டது. இந்திர விழா நாளில் கண்ணகிக்கும் இடக்கண்தான் துடித்தது. அந்த நிமித்தம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் துடிப்பு கீழிமையிலிருந்து கன்னத்துக்கு இறங்கி, மூன்றாம் மாதத்தில் வாயோரத்தையும் சேர்த்து இழுக்கத் தொடங்கியது. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் எனக்கு, எதிரில் நிற்பவர் நான் கண்ணடிப்பதாக எண்ணிவிடக் கூடாதே என்ற கூச்சம் துடிப்பைவிடப் பெரிய தொல்லையாக இருந்தது.

முதலில் பார்த்த பொது மருத்துவர், என் முகத்தைச் சரியாகப் பார்க்காமலே, "எல்லாம் டென்ஷன்தாம்மா" என்று சத்து மாத்திரையும் தூக்க மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். தூக்கம் வந்தது, துடிப்பு போகவில்லை. அதன் பிறகே கே.கே. நகரில் மாலையில் மட்டும் இயங்கும் ஒரு நரம்பியல் கிளினிக்குக்குச் சென்றேன்.

அங்கிருந்த மருத்துவர் ஏறத்தாழ 20 நிமிடங்கள் கேள்விகளே கேட்டார். ஒரு பக்கம் மட்டுமா, இரண்டு கண்களுமா? முன்பு முகவாதம் வந்ததுண்டா? வாந்திக்கோ மனநோய்க்கோ நெடுநாள் மாத்திரை எடுத்ததுண்டா? துடிப்பதற்கு முன்னால் 'செய்தே ஆக வேண்டும்' என்ற உந்துதல் தோன்றுகிறதா, சற்று நேரம் அடக்க முடிகிறதா? அதே பக்கக் காதில் 'டிக் டிக்' என்ற ஓசை கேட்கிறதா? தூங்கும்போதும் துடிக்கிறதா? கடைசிக் கேள்விக்கு என் கணவர் பதில் சொன்னார்: இரவில் விளக்கைப் போட்டபோது, தூங்கிக்கொண்டிருந்த என் கன்னம் துடித்ததை அவர் இரண்டு முறை பார்த்திருக்கிறார். பிறகு மருத்துவர் என்னைக் கண்ணை இறுக மூடவும், கன்னத்தை ஊதவும், பல்லைக் காட்டவும் சொன்னார். துடிக்கும்போது இடக்கண் மூடிக்கொள்ள, அதே பக்கப் புருவம் மேலே ஏறுவதைக் கண்ணாடியில் காட்டி, இதை வேண்டுமென்று யாராலும் செய்துகாட்ட இயலாது என்றார். டென்ஷன் என்ற ஒரே சொல்லைச் சுமந்து திரிந்த எனக்கு அது பெரிய ஆறுதல்.

காரணங்களை அவர் பிரித்துச் சொன்ன விதம்தான் இந்த ஆலோசனையின் சிறப்பு. இமை மட்டும் துடிப்பது பெரும்பாலும் தூக்கக்குறைவு, ஓயாத திரைப் பார்வை, அளவு மீறிய காபி தேநீர், மனக்கவலை ஆகியவற்றால் வருவது. சில நாட்களிலோ வாரங்களிலோ தானே அடங்கிவிடும். இரண்டு கண்களும் சேர்ந்து இறுக மூடிக்கொள்வது வேறு நோய். பிள்ளைகள் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி முகத்தைச் சுளிப்பது இன்னொரு வகை. என்னுடையதைப் போல முகத்தின் ஒரு பாதி மட்டும் இழுத்தால், முகத்தசைகளை இயக்கும் ஏழாவது நரம்பு மூளைத்தண்டிலிருந்து வெளிப்படும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதன்மேல் அழுந்தித் துடிப்பதுதான் பெரும்பாலும் காரணம் என்றும், அபூர்வமாகக் கட்டி இருக்கக்கூடும் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்றும் விளக்கினார். செலவு கட்டுப்படியாகாவிட்டால் பெரியாஸ்பத்திரி நரம்பியல் பிரிவுக்குச் செல்லலாம் என்று, கேட்காமலே அவராகச் சொன்னார். தனியார் கிளினிக்கில் உட்கார்ந்து அந்த வார்த்தையைக் கேட்பது எளிதில்லை.

மனதுக்குப் பங்கே இல்லையா என்று கேட்டேன். கவலையும் களைப்பும் இந்தத் துடிப்பை உண்டாக்குவதில்லை, ஆனால் இருப்பதைக் கூட்டுகின்றன. யாராவது பார்க்கிறார்களோ என்று நினைக்கும் கணத்திலேயே அது அதிகமாகும் என்றார். பில் மேஜையில் எனக்கு நடந்ததும் அதேதான். ஆடி மாதத் தள்ளுபடிக் கூட்டத்தில் நிமிடத்துக்கு நிமிடம் துடித்த கன்னம், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பாதியாகக் குறையும். ஒரு நாளைக்கு ஆறு டீ குடிப்பதை இரண்டாக்கச் சொன்னார். அது மட்டும் இன்னும் மூன்றில்தான் நிற்கிறது.

எம்.ஆர்.ஐ.யில் கட்டி எதுவும் இல்லை. நரம்பை ஒட்டி ஒரு குழாய் செல்வது தெரிந்தது. காதுக்குப் பின்னால் திறந்து குழாயையும் நரம்பையும் விலக்கி இடையில் சிறு திண்டு வைக்கும் அறுவைச் சிகிச்சை இருப்பதைச் சொன்னாலும், இப்போதைக்கு, தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசியே போதும் என்றார். கண்ணையும் கன்னத்தையும் சுற்றி மெல்லிய ஊசியால் சில இடங்களில் போட்டார்கள். எறும்புக்கடி அளவு வலிதான். ஐந்தாம் நாள் துடிப்பு தளர்ந்தது. இரண்டு வாரம் இடப்பக்க இமை சற்றுத் தொங்கியது. அதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பதறவில்லை. இந்த ஊசியின் பலன் சுமார் மூன்று மாதம் நிற்கும், பிறகு மீண்டும் போட வேண்டும் என்பதும், மருந்தின் விலை குறைவில்லை என்பதும் தெரிந்தே ஒப்புக்கொள்ள வேண்டியவை.

குறைகளும் உண்டு. டோக்கன் எண் 14 வாங்கிய நான் இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன். நாற்காலிகள் போதாமல் முதியவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வரவேற்பில் இருந்த பெண், நோய் என்னவென்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். முகத்தை மறைத்துக்கொண்டு வருபவர்களிடம் அப்படிக் கேட்கலாகாது.

டோக்கன் மாலை நான்கு மணிக்குக் கொடுக்கிறார்கள். செல்பவர்கள் துடிப்பைக் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு போவது நல்லது. மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அது துடிக்காமலும் போகலாம். சாப்பிட்டுவரும் மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.