டெலிவரி சார்ட் கோடருக்கு ஐசிடி-10-சிஎம் புத்தகம் தேவையா?

சோழிங்கநல்லூரில் ஒரு நிறுவனத்தில் அமெரிக்க மருத்துவமனைகளின் பிரசவ சார்ட்டுகளில் (சிகிச்சைப் பதிவுகளில்) கோடர்கள் போடும் நோய்க் கோடுகளை ஆடிட் செய்கிறேன். அந்தக் கோடுகளின் தொகுப்புதான் ஐசிடி-10-சிஎம். டீமுக்குப் புதிதாக வருகிறவர்கள் தவறாமல் கேட்பது இதுதான்: "அக்கா, கோட் தேடித் தர என்கோடர் சாஃப்ட்வேர்தான் இருக்கே, அவ்வளவு பெரிய புத்தகத்தை எதுக்கு வாங்கணும்?" டெலிவரி சார்ட் பார்க்கப் போகிறவர் என்றால் வாங்குங்கள் என்பேன். காரணத்தை ஜிபிஎஸ் கேரியர் (நோய் இல்லாமல் அந்தக் கிருமியை உடலில் சுமப்பவர்) என்ற ஒரே விஷயத்தை வைத்துச் சொல்கிறேன். அச்சுப் புத்தகத்தின் பலமும் குறையும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஜிபிஎஸ் என்பது குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ். இந்தப் பாக்டீரியா அமெரிக்காவில் கர்ப்பிணிகளில் சுமார் நான்கில் ஒருவரிடம் இருக்கிறது. பெரும்பாலும் தாய்க்கு எந்தத் தொந்தரவும் தராது. ஆனால் பிரசவத்தின்போது குழந்தைக்குப் போனால் ரத்தத்தில் தொற்று, நிமோனியா, மூளைக்காய்ச்சல் வரை போகலாம். அதனால்தான் 36 வாரம் முடிந்ததும், 37 வாரம் 6 நாளுக்குள் ஸ்வாப் எடுக்கச் சொல்கிறது அங்குள்ள மகப்பேறு மருத்துவர் சங்கமான ஏகாக். பாசிட்டிவ் என்றால் வலி தொடங்கியதும் பெனிசிலின் ஏற்றுவார்கள். முதலில் 50 லட்சம் யூனிட், பிறகு பிரசவம் ஆகும்வரை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 25 முதல் 30 லட்சம் யூனிட். ஆக, இது எப்போதாவது எட்டிப் பார்க்கும் கோட் இல்லை. தினமும் கையில் வரும்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். அகரவரிசை இண்டெக்ஸில் 'கேரியர்' என்று தேடிப் போனால் இசட்22.330 கிடைக்கும். பெயரைப் படித்தால் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேரியர் என்றே இருக்கும். அவசரத்தில் இருக்கும் கோடர் அங்கேயே நின்றுவிடுவார். ஆனால் 'பிரெக்னென்சி' என்ற தலைப்பின் கீழ் தேடியவர் கர்ப்பிணி கேரியருக்கான ஓ99.82-க்குப் போய்ச் சேர்வார். அங்கே டேபுலர் பக்கத்தில் (கோடுகள் எண் வரிசையில் இருக்கும் பகுதி) எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பு ஒன்று இருக்கிறது: கர்ப்பம் இல்லாத பெண்ணுக்குத்தான் இசட்22.330. இரண்டையும் ஒரே சார்ட்டில் சேர்த்துப் போடவே கூடாது. என்கோடரில் கோடை மட்டும் தட்டி எடுப்பவர்கள் கண்ணில் இந்தக் குறிப்பு படாமலே போகிறது. புத்தகத்தில் அது கோடுக்குப் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது, தவிர்க்க முடியாது. இதற்காகவே நான் புத்தகத்தின் பக்கம்.

அதே பக்கத்தில் மூன்று கோடுகளும் அடுத்தடுத்து நிற்கும். பிரசவத்துக்கு முந்தைய விசிட்டுக்கு ஓ99.820, பிரசவ அட்மிஷனுக்கு ஓ99.824, பிரசவத்துக்குப் பிந்தைய காலத்துக்கு ஓ99.825. மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்கும்போது, இதில் டிரைமெஸ்டர் (கர்ப்பத்தின் மும்மாத) பிரிவே கிடையாது என்பதும் புரிந்துவிடும். புதியவர்கள் டிரைமெஸ்டரைத் தேடி நேரத்தைக் கரைப்பது இங்கேதான். ஸ்வாப் மட்டும் எடுத்து ரிசல்ட் வராத விசிட்டுக்கு இசட்36.85 என்று தனி இடம் உண்டு.

ஆடிட்டில் நான் அதிகம் திருத்துவது வேறொன்று. சுகப்பிரசவம், தாயும் குழந்தையும் நலம் என்று படித்தவுடன், சிக்கலில்லாத பிரசவத்துக்கான ஓ80 போட்டுவிடுகிறார்கள். தாய் ஜிபிஎஸ் பாசிட்டிவ் என்று மருத்துவர் எழுதியிருந்தால் ஓ99.824 வந்தே ஆக வேண்டும். கர்ப்பம், பிரசவம் பற்றிய 15ஆம் அத்தியாயத்தின் வேறு எந்தக் கோடோடும் ஓ80 சேராது. புத்தகத்தின் முன்பகுதியில் இருக்கும் வழிகாட்டு விதிகளில் இது தெளிவாகவே இருக்கிறது. அந்த அத்தியாயத்தின் கோடுகள் தாயின் சார்ட்டுக்கு மட்டும்தான், குழந்தையின் சார்ட்டில் ஒருபோதும் வரக்கூடாது என்பதும் அங்கேயே உண்டு. அந்தப் பகுதியைப் படிக்காமல் பின்பக்கங்களை மட்டும் புரட்டுபவருக்குப் புத்தகம் பாதிதான் பயன்படும்.

குறை என்று பார்த்தால், டாக்குமென்டேஷன் எப்படிப் படிப்பது என்பதை இந்தப் புத்தகம் கையைப் பிடித்துச் சொல்லித் தராது. லேப் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று இருந்து மருத்துவரின் குறிப்பில் ஒரு வரிகூட இல்லையென்றால் நாமாகக் கோட் போட முடியாது, மருத்துவரிடம் விளக்கம் கேட்டுக் குவெரி அனுப்ப வேண்டும். 'ஜிபிஎஸ் அன்னோன்' (இருக்கிறதா என்று தெரியாது) என்று எழுதி, பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் தாண்டிவிட்டது என்பதற்காகப் பெனிசிலின் கொடுத்திருப்பார்கள். மருந்தைப் பார்த்துவிட்டு அந்தத் தாயைக் கேரியர் ஆக்கிவிடக் கூடாது. எதிர்ப்பக்கமும் உண்டு: வலி வருவதற்கு முன்பே, பனிக்குடம் உடையாமல் சிசேரியன் நடந்தால் பாசிட்டிவ் தாய்க்கும் அந்த மருந்து தேவைப்படாது. மருந்து இல்லை என்பதால் கேரியர் இல்லை என்றாகாது. சிறுநீர்த் தொற்று என்று மருத்துவர் எழுதி, அதற்குக் காரணம் இந்தப் பாக்டீரியா என்றால் கதையே வேறு. ஓ23 வரிசைக்குப் போய், கூடவே கிருமிக்கு பி95.1 சேர்க்க வேண்டும். இதையெல்லாம் சீனியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு பெண் உடலில் இருப்பதை அவளுடைய அடுத்த பிரசவத்தைப் பார்க்கும் மருத்துவரும் இந்தப் பதிவில்தான் தேடுவார். அதனால்தான் இவ்வளவு பிடிவாதமாக எழுதுகிறேன்.

இன்னொரு சங்கடம், ஒவ்வொரு அக்டோபர் 1 அன்றும் புதிய கோடுகள் அமலுக்கு வரும், ஏப்ரல் 1 அன்றும் சில மாற்றங்கள் வரலாம். போன வருடப் புத்தகத்தைச் சீனியரிடம் வாங்கிப் பழகலாம், ஆனால் லைவ் சார்ட்டுக்கு அதை நம்பக் கூடாது. தாள் மெல்லியது, இண்டெக்ஸ் எழுத்து பொடி. இரவு ஷிப்டில் கண் வலிக்கும்.

கோடர்களுக்கான சிபிசி சான்றிதழ்த் தேர்வு எழுதப் போகிறவர்கள் யோசிக்காமல் நடப்பு வருடப் பதிப்பை வாங்கி, 15ஆம் அத்தியாயத்தில் கலர் டேப் ஒட்டிப் பழகுங்கள். வேலைக்குச் சேர்ந்துவிட்டவர்கள், காசு இடித்தால், வழிகாட்டு விதிகளின் பிடிஎஃப் அமெரிக்க அரசின் சிடிசி தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மகப்பேறு பகுதியை மட்டுமாவது அச்செடுத்து வைத்துக்கொண்டு, டேபுலர் பக்கத்துக்கு டீமில் இருக்கும் ஒரு புத்தகத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். ரேடியாலஜி, பல் சார்ட் மட்டும் பார்ப்பவர்கள் இவ்வளவு செலவு செய்ய வேண்டாம்.