கப்ஸ் பிரிண்ட் சர்வர்: வேண்டாத பேனர் தாளை யார் அனுப்புகிறார்?

செட்டிநாட்டு வீட்டை அலுவலகமாக்கியவர்களுக்கு ஒரு தொல்லை பொதுவானது. மேசை முகப்பில் இருக்கும், பிரிண்டர் இரண்டாம் கட்டில் இருக்கும். சுவர் கனத்தில் வைஃபை வளவைத் தாண்டுவதே பெரும்பாடு. அதனால் கேபிள் இழுத்து, பழைய டெஸ்க்டாப் ஒன்றில் டெபியன் லினக்ஸ் போட்டு, அதில் அச்சு வேலைகளை வாங்கி பிரிண்டருக்கு அனுப்பும் கப்ஸ் (CUPS) மென்பொருளை ஏற்றிவிடுவதுதான் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஆடிட்டர் ஆபீஸுக்கும் டைல்ஸ் பட்டறைக்கும் கட்டுப்படியாகிற வழி. நாலு பேர் கொடுத்த வேலை ஒரே டிரேயில் விழும்போது எது யாருடையது என்று சொல்ல பேனர் தாள், அதாவது வேலைக்கு முன்னோ பின்னோ அதன் விவரத்தோடு அச்சாகும் தனித் தாள், உதவும். அதே தாள் கேட்காமல் வந்தால் காசுக்குக் கேடு. ஒரு பக்க ரசீதுக்கு முன்னும் பின்னும் பேனர் வந்தால் மூன்று தாள் போய்விடும். 500 தாள் கட்டு 166 ரசீதோடு தீரும்.

1999-இல் வெளிவந்து, 2007-இல் ஆப்பிள் கைக்குப் போய், இன்று ஓப்பன்பிரிண்டிங் குழு பராமரிக்கிற கப்ஸ், பேனர் விஷயத்தில் நம்பகமான மென்பொருள். பெரிய குறை ஒன்று உண்டு: பேனரைப் போடவும் நிறுத்தவும் உள்ள இடங்கள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிப் பார்ப்பவர் பாதி நாளைத் தொலைப்பார்.

முதலில் லாகை, அதாவது கப்ஸ் தன் வேலைகளைக் குறித்துவைக்கும் பதிவை, பாருங்கள். டெர்மினலில் “கப்ஸ்சிடிஎல் (cupsctl) --டீபக்-லாகிங்” கொடுத்து, ஒரு பக்கம் பிரிண்ட் அனுப்பி, வார்/லாக்/கப்ஸ் அடைவில் உள்ள எரர்_லாக் கோப்பைத் திறங்கள். அந்த வேலையின் எண்ணோடு “ஆடிங் ஸ்டார்ட் பேனர் பேஜ்” என்ற வரியும் பக்கத்தில் பேனரின் பெயரும் இருந்தால், தாளைச் சேர்த்தது கப்ஸ். வரி இல்லை, ஆனால் தாள் வந்தது என்றால் கப்ஸ் மேல் பழி இல்லை. இவ்வளவு தெளிவாகக் கைகாட்டும் லாக் இருப்பதே இந்த மென்பொருளுக்கு என் முதல் மதிப்பெண்.

கப்ஸ்தான் என்று தெரிந்துவிட்டால், 631 போர்ட்டில் வெப் பக்கத்தைத் திறந்து, பிரிண்டரின் ‘செட் டிஃபால்ட் ஆப்ஷன்ஸ்’ உள்ளே பேனர்ஸ் பகுதியில் தொடக்கம், முடிவு இரண்டையும் ‘நன்’ (none, எதுவும் வேண்டாம்) ஆக்குங்கள். டெர்மினலில் என்றால் “எல்பிஅட்மின் -பி பிரிண்டர்பெயர் -ஓ ஜாப்-ஷீட்ஸ்-டிஃபால்ட்=நன்,நன்”. இந்த அமைப்புகள் இருக்கும் பிரின்டர்ஸ்.கான்ஃப் கோப்பை நேரே திருத்துகிறவர்கள் சர்வீஸை நிறுத்திவிட்டுத் திருத்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கப்ஸ் தன் பிரதியை மேலே எழுதி உங்கள் உழைப்பை அழித்துவிடும்.

இதற்குப் பிறகும் பேனர் வந்தால் பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. பிரிண்ட் விருப்பங்களைச் சேமிக்கும் எல்பிஆப்ஷன்ஸ் கட்டளையை யாராவது ரூட்டாக (நிர்வாகியாக) ஓட்டியிருந்தால், அது ஈடிசி/கப்ஸ் அடைவில் எல்பிஆப்ஷன்ஸ் என்ற கோப்பில் எல்லாருக்குமாக எழுதியிருக்கும். சாதாரணப் பயனர் ஓட்டியிருந்தால் அவருடைய ஹோம் அடைவில் .கப்ஸ் உள்ளே இருக்கும். “ஒருத்தருக்கு மட்டும் வருது” என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. “எல்பிஆப்ஷன்ஸ் -பி பிரிண்டர்பெயர் -ஆர் ஜாப்-ஷீட்ஸ்” கொடுத்து நீக்கலாம். கப்ஸின் அமைப்புக் கோப்பான கப்ஸ்டி.கான்ஃப்-இல் ‘கிளாஸிஃபிகேஷன்’ வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் பயனர் ‘நன்’ கேட்டாலும் பேனர் வந்தே தீரும். ரகசிய ஆவணங்கள் கையாளும் அலுவலகங்களுக்கான வசதி அது; டைல்ஸ் கொட்டேஷனுக்கு எதற்கு?

லாகில் வரி இல்லாத கேஸ்தான் சுவாரசியமானது. பிரிண்டரோடு எல்பிடி என்ற பழைய நெட்வொர்க் அச்சு முறையில் பேசினால், அதை விவரிக்கும், 1990-இல் வந்த ஆர்எஃப்சி 1179 ஆவணத்தின்படி, வேலையோடு போகும் கன்ட்ரோல் கோப்பில் ‘எல்’ என்ற வரி போனாலே எதிர்முனை பேனர் அடிக்கலாம். கப்ஸ் தானாக அதைக் கேட்காது, டிவைஸ் முகவரியின் கடைசியில் “?பேனர்=ஆன்” என்று யாரோ சேர்த்திருந்தால்தான் கேட்கும். சில நெட்வொர்க் கார்டுகளின் உள் அமைப்பிலேயே பேனருக்கு ஸ்விட்ச் உண்டு, அதை பிரிண்டரின் வெப் பக்கத்தில் அணைக்க வேண்டும். இதெல்லாம் வேண்டாம் என்றால் முகவரியை சாக்கெட் முறைக்கு, 9100 போர்ட்டுக்கு மாற்றுங்கள். அந்த வழியில் வெறும் தரவுதான் போகும். பேனர் என்ற பேச்சே கிடையாது.

விண்டோஸ் கணினிகளில் இருந்து மட்டும் வருகிறதா? பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதியில் ‘செப்பரேட்டர் பேஜ்’ காலியாக இருக்க வேண்டும். பிசிஎல்.செப் போன்ற கோப்பு அங்கே உட்கார்ந்திருந்தால் அதுதான் குற்றவாளி. லினக்ஸ் கிளையன்டில் தனி அச்சு வரிசை (க்யூ) வைத்து அங்கேயும் சர்வரிலும் பேனர் போட்டிருந்தால் இரண்டு பேனர் வரும், ஒன்றில் எடுத்துவிடுங்கள்.

கேட்ட பேனர் வராமல் போவதும் உண்டு. தரவை மாற்றாமல் அப்படியே அனுப்பும் ரா வரிசை என்றால் பேனரை பிரிண்டர் மொழிக்கு மாற்ற டிரைவரே இல்லை. அங்கே பேனர் ஒழுங்காக வரும் என்று நம்பவே கூடாது. டிரைவர் இருந்தும் “ஃபில்டர் ஃபெயில்டு” என்று வேலை நின்றால் கப்ஸ்-ஃபில்டர்ஸ் தொகுப்பு முழுதாக இருக்கிறதா பாருங்கள். இன்றைய பேனர் கோப்பு “#பிடிஎஃப்-பேனர்” என்று தொடங்கும் சின்ன எழுத்துக் கோப்பு. அதைப் பக்கமாக்குவது அந்தத் தொகுப்புதான். பேனர் நேரத்தில் மட்டும் பிரிண்டர் தாள் கேட்டு நிற்கிறதென்றால் அளவுக் குழப்பம்: டிரேயில் ஏ4, வரிசையின் இயல்பு லெட்டர். எல்பிஅட்மின் கட்டளையில் “-ஓ பேஜ்சைஸ்=ஏ4” போட்டால் சரியாகிவிடும். இருபக்க அச்சில் பேனர் இரு புறமும் வருவது பிழையல்ல, ஆவணம் பேனரின் முதுகில் தொடங்காமல் இருக்கத்தான் அப்படி.

எனக்கு உண்மையில் பிடிக்காதது, பேனர் கூரியர் எழுத்துருவில் மட்டும் அச்சாவது. கோப்பின் பெயர் தமிழில் இருந்தால் கிறுக்கல்தான் வரும், ஆங்கிலத்தில் பெயர் வையுங்கள். பேனர் கோப்பின் ‘ஷோ’ வரியில் வேண்டாத விவரங்களை வெட்டலாம். ஆனால் ‘ஸ்டாண்டர்டு’ கோப்பைத் தொடாமல் வேறு பெயரில் பிரதி எடுத்துத் திருத்தி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அப்டேட் உங்கள் திருத்தத்தை விழுங்கிவிடும்.

நாலைந்து பேர், ஒரு பிரிண்டர் உள்ள இடத்துக்கு தொடக்கத்தில் மட்டும் பேனர், அதாவது “ஸ்டாண்டர்டு,நன்”, போதும். ரசீது அடிக்க அதே பிரிண்டருக்கு பேனரே இல்லாத இரண்டாவது வரிசை ஒன்றை வைத்துக்கொள்ளலாம், கப்ஸ் மறுக்காது. எல்லாம் சரியானதும் “கப்ஸ்சிடிஎல் --நோ-டீபக்-லாகிங்” கொடுக்க மறக்க வேண்டாம், லாக் கொழுத்துப்போகும்.