நிச்சயதார்த்த வைர மோதிரம்: தினமும் போட்டால் எது தாங்கும், எது தாங்காது

வைர மோதிரத்தில் முதலில் கெடுவது வைரம் இல்லை, அதைப் பிடித்திருக்கும் தங்கம். ஆனால் சௌகார்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்கள் கல்லைப் பற்றியே பேசி முடித்துவிட்டு, கல்லைப் பிடிக்கும் தங்கக் கட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஏதோ ஒரு படத்தைக் காட்டிச் சொல்லிவிட்டு வருகிறார்கள். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்துக் கடல் காற்றிலும் போர் தண்ணீரிலும், மீன் கழுவுகிற, மாவு பிசைகிற, வண்டி ஓட்டுகிற கையில் வருஷக்கணக்கில் கிடக்கப்போகிற மோதிரம் இது. அதனால் கட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

கல்லை மேலிருந்து கவ்வும் சின்னத் தங்கக் கால்களைக் கடையில் ப்ராங் என்பார்கள். நாலு ப்ராங்கில் ஒன்று நிமிர்ந்தால் கல் ஆடத் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் போயே போய்விடும். ஆறில் ஒன்று போனாலும் மற்ற ஐந்தும் பிடித்துக்கொள்ளும். 1886-ல் அமெரிக்க நகைக்கடை டிஃபனி கொண்டுவந்த ஆறு ப்ராங் அமைப்பு இன்னும் புழக்கத்தில் இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. 30 சென்ட் கல் (100 சென்ட் ஒரு கேரட் எடை) சுமார் 4.3 மி.மீ. அகலம்தான். அதில் ஆறு ப்ராங் வைத்தால் கல்லைவிடத் தங்கம்தான் கண்ணில் படும், எனவே தடிமனான நாலு போதும். 50 சென்ட், அதாவது 5.1 மி.மீ. அளவிலிருந்து ஆறுதான் எங்கள் சிபாரிசு. ப்ராங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். பட்டுப் புடவை முந்தானையைக் கல்லின் மேல் மெல்ல இழுங்கள். நூல் மாட்டினால் ப்ராங் நுனி கல்லோடு ஒட்டவில்லை என்று அர்த்தம்.

வீட்டு வேலை, கடை வேலை, வண்டி என்று கைக்கு ஓய்வே இல்லாதவர்களுக்குச் சுற்றுக் கட்டுதான் நல்லது. கல்லின் விளிம்பு முழுவதையும் ஒரு மெல்லிய தங்க வளையம் மூடியிருக்கும். வைரத்தை இன்னொரு வைரத்தால்தான் கீற முடியும், ஆனால் அடித்தால் உடையும். படிகத்தின் நான்கு திசைகளில் அது பிளக்கக் கூடியது. விளிம்பில் பிரேக் லீவரோ கிரைண்டர் கல்லோ ஓங்கி இடித்தால் சில்லு பெயரும். சுற்றுக் கட்டில் அந்த அடி தங்கத்தின் மேல் விழும். ஒளி குறையும் என்று பயமுறுத்துவார்கள். நன்றாக வெட்டிய கல் மேலே விழுந்த ஒளியை மேலேயே திருப்பித் தருவதால், அந்த இழப்பு கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: கட்டின் அடிப்பக்கம் திறந்திருக்க வேண்டும். பாட்டி காலத்து மூக்குத்தி, தோடு மாதிரி அடி மூடிய கட்டு விரலுக்கு ஆகாது. சோப்பு உள்ளே போகும், பிரஷ் போகாது.

உயரத்தையும் அளந்து பாருங்கள். விரலிலிருந்து கல்லின் மேல்முகம் வரை 6 மி.மீ. தாண்டினால் கைப்பை, கதவு, பஸ் கம்பி எல்லாவற்றிலும் இடிபடும். 50 சென்ட் கல்லின் ஆழமே 3 மி.மீ. சொச்சம் என்பதால், 5 மி.மீ. உயரத்துக்குள் கல்லின் அடிமுனை விரலில் குத்தாமல் செய்ய முடியும்.

பக்கவாட்டில் பொடிக் கற்கள் பதித்த பாவே வளையம் கண்ணாடிப் பெட்டிக்குள் அள்ளும். ஆனால் தினசரி உபயோகத்தில் முதலில் விழுவது இந்தக் கற்கள்தான். ஒரு சென்ட் கல் 1.3 மி.மீ.; அதைப் பிடித்திருப்பது குண்டூசித் தலையைவிடச் சின்னத் தங்க மணிகள். ஆசைப்பட்டால் வளையத்தின் மேல் பாதியில் மட்டும் வையுங்கள். உள்ளங்கைப் பக்கம் வைத்தால் தேய்ந்தே உதிரும். சுற்றிலும் கல் வைத்த வளையத்தின் அளவைப் பின்னால் மாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம், பிரசவத்துக்குப் பிறகு விரல் பருத்தால் பீரோவில்தான் கிடக்கும்.

தங்கம் 18 கேரட் எடுங்கள். 22 கேரட் வளையலுக்குச் சரி, ப்ராங்குக்கு மெத்தென்று வளைந்துவிடும். லைட் வெயிட் என்று விற்கும் மோதிரங்களில் வளையத்தின் அடிப்பகுதியைக் குடைந்து மெலிதாக்கியிருப்பார்கள். அந்த இடம் 1.8 மி.மீ. தடிமனுக்குக் குறையக்கூடாது. மெலிந்தால் வட்டம் நீள்வட்டமாகும், மேல்பகுதி முறுக்கிக்கொள்ளும், ஆரோக்கியமாக இருந்த ப்ராங்கும் தளரும். கல் ஏன் விழுந்தது என்று ப்ராங்கையே பார்த்துக்கொண்டிருப்போம்; காரணம் கீழே இருக்கும். வெள்ளைத் தங்கம் எடுத்தால், மேலே வெண்மைக்காகப் பூசிய ரோடியம் என்ற உலோகப் பூச்சு ஒன்றிரண்டு வருஷத்தில் உள்ளங்கைப் பக்கம் தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்க்கும். மறுபூச்சு செலவு நிரந்தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கல். வெட்டு, நிறம், தெளிவு, எடை என்ற நான்கில் பணம் போக வேண்டிய இடம் வெட்டு. வட்டக் கல்லில் அது எக்ஸலண்ட் தரத்துக்குக் கீழே இறங்க வேண்டாம். கடை ஸ்பாட் லைட்டில் சுமாரான கல்லும் ஜொலிக்கும், அதற்காகவே அந்த விளக்குகள். என்.எஸ்.சி. போஸ் சாலைக் கடைகளில் வாசல் பக்கம் வந்து பார்க்கிறேன் என்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நேர் வெயில் படாமல், பகல் வெளிச்சத்தில், உள்ளங்கை நிழலில் வைத்து மெல்ல சாய்த்துப் பாருங்கள். அடிப்பாகம் அதிக ஆழமாக வெட்டிய கல்லின் நடுவில் கறுப்பு வட்டம் தெரியும். ஆழம் குறைந்ததில் நடுமுகத்துக்குள் மீன் கண் மாதிரி ஒரு வெளிறிய வளையம் தெரியும். இரண்டையும் ஒதுக்குங்கள். சான்றிதழில் மொத்த ஆழம் கல்லின் அகலத்தில் 59 முதல் 62.5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது.

நிறத்தில் டி என்றால் நிறமே இல்லாத கல், எழுத்து தள்ளிப் போகப் போக மஞ்சள் கூடும். டி, ஈ, எஃப் என்று ஏறுவது மஞ்சள் தங்கத்தில் வீண் செலவு. ஐ, ஜே கூட அதில் வெண்மையாகவே தெரியும். வெள்ளைத் தங்கம், பிளாட்டினம் என்றால் ஜி, எச். தெளிவில் விஎஸ்2, அதாவது பூதக்கண்ணாடியில்தான் குறை தெரியும் தரம், தாராளம். அதற்கு ஒரு படி கீழான எஸ்ஐ1-லும் வெறும் கண்ணுக்குச் சுத்தமான கல் கிடைக்கும், பொறுமையாகத் தேட வேண்டும். விளிம்பை ஒட்டிய விரிசல் மட்டும் ஆபத்து. பதிக்கிறவர் ப்ராங்கை அழுத்தும்போது சரியாக அங்கேதான் பிளக்கும். எடையில் 30, 50, 70, 100 என்ற எண்களில் சென்ட் விலை தாவும். 48 சென்டுக்கும் 50 சென்டுக்கும் அகல வித்தியாசம் 0.1 மி.மீ. கூட இல்லை, விலையில் நன்றாகவே தெரியும்.

நம் வீடுகளில் கரும்புள்ளி, காகபாதம் (காக்கைக் கால் மாதிரிக் குறி) இருந்தால் தோஷம் என்பார்கள். மனசுக்கு ஒப்பாத கல்லை விரலில் போடக் கூடாது, அதில் எங்களுக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் அதற்குச் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கேரட்டுக்கு, அதாவது 100 சென்டுக்குக் குறைந்த கற்களுக்கு ஜிஐஏ என்ற அமெரிக்க வைர ஆய்வகம் தரும் சிறிய அறிக்கையில் குறைகளின் பெயர் இருக்கும், வரைபடம் இருக்காது. உள்ளே இருக்கும் படிகத் துணுக்கு வெள்ளையா கறுப்பா என்றும் அது சொல்லாது. 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் பெரியவர்களையே பார்க்கச் சொல்லிவிடுங்கள். ப்ளூ ஜாகர் என்று சொல்லி விற்பதும் நம் ஊர்ப் பழக்கம். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்திலிருந்து வந்த பெயர் அது. ஆய்வக அறிக்கையில் அப்படி ஒரு தரமே கிடையாது. நிறத்தையும் ஃப்ளோரசன்ஸையும், அதாவது புற ஊதா ஒளியில் கல் ஒளிரும் அளவையும், பாருங்கள். ஃப்ளோரசன்ஸ் ஸ்ட்ராங் என்றிருந்தால் வெயிலில் பார்த்து, பால் கலந்த மாதிரி மங்குகிறதா என்று உறுதி செய்த பிறகே வாங்குங்கள்.

லேப்பில் வளர்த்த வைரமும் வைரம்தான், கடினம் ஒன்றே, போட்டுக்கொள்ள ஒரு குறையும் இல்லை. திருப்பி விற்கும்போது காசு நிற்காது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பேனா மாதிரி இருக்கும் டெஸ்டர் இரண்டையும் பிரித்துச் சொல்லாது. சாதாரண வெப்ப டெஸ்டர், வைரம் மாதிரி இருக்கும் வேறு கல்லான மாய்சனைட்டுக்குக்கூட வைரம் என்று சத்தம் போடும். மாய்சனைட்டை லூப்பில் சாய்வாகப் பார்த்தால் பின்பக்கக் கோடுகள் இரட்டையாகத் தெரியும். லேப் வைரத்துக்குச் சான்றிதழே வழி. ஐஜிஐ ஆய்வகம் தரும் எண் எல்ஜி என்று தொடங்கும். கல்லின் விளிம்பில் லேசரில் பொறித்த எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகே கல்லைப் பதிக்கக் கொடுங்கள்.

பில்லில் ஏமாறும் இடம் எடை. ஒரு சென்ட் 2 மில்லிகிராம். மொத்த எடை 4.060 கிராம், கல் 30 சென்ட் என்றால் 0.060 கழித்து 4.000 கிராமுக்குத்தான் தங்க விலை. சேதாரமும் செய்கூலியும் அந்த நிகர எடையில்தான் வர வேண்டும். தினமும் சொல்லும் விலை 22 கேரட்டுக்கு. அதை 18 ஆல் பெருக்கி 22 ஆல் வகுத்தால் உங்கள் கிராம் விலை. ஜிஎஸ்டி 3 சதவீதம். உள்பக்கம் பிஐஎஸ் முத்திரை, 18 கேரட்டைக் குறிக்கும் 750, அந்த நகைக்கே உரிய ஆறு எழுத்து-எண் கொண்ட எச்யூஐடி மூன்றும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுக் கடையிலேயே பார்த்துவிடுங்கள். திருப்பிக் கொடுத்தால் கல்லுக்கு எத்தனை சதவீதம், தங்கத்துக்கு எத்தனை என்பதை பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு, கடைப் பையன் வேலை மாறிப் போனதும் காணாமல் போகும்.

விரல் அளவைச் சாயங்காலம் எடுங்கள். காலையில் எடுத்த அளவு சித்திரை வெயிலில் இறுகும். இந்திய அளவு எண்ணோடு 40 கூட்டினால் உள்சுற்றளவு மி.மீ.-ல் வரும், 12 என்றால் 52.

வீட்டுக்கு வந்த பிறகு கல் மங்கினால், பெரும்பாலும் குறை கல்லில் இல்லை. வைரம் எண்ணெயை இழுக்கும். தேங்காய் எண்ணெய், மீன் கொழுப்பு, சோப்பு, போர் தண்ணீரின் உப்பு எல்லாம் சேர்ந்து கல்லின் அடியில் வெள்ளையாகப் படியும். திருப்பிப் பார்த்தால் கட்டின் இடுக்கில் மாவுப் பிசுக்கு காய்ந்து நிற்கும். மேலே எத்தனை துடைத்தாலும் பிரயோஜனம் இல்லை. வெதுவெதுப்பான கேன் தண்ணீரில் நாலு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு அரை மணி நேரம் ஊறவையுங்கள். குழந்தைகள் பிரஷ்ஷால் அடியிலிருந்து தேய்த்து, கிண்ணத்துக்குள் அலசுங்கள், சிங்க்கில் வேண்டவே வேண்டாம். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தொட்டி, பாத்ரூம் கழுவும்போது மோதிரம் கையில் இருக்கக் கூடாது. குளோரின் 18 கேரட் தங்கத்தின் கலப்பு உலோகத்தைத் தாக்கி ப்ராங்கில் விரிசல் விடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை காதருகே வைத்துத் தட்டிப் பாருங்கள். டிக் டிக் என்று கேட்டால் அன்றைக்கே கழற்றி வையுங்கள். பாவே இருந்தால், ப்ராங்கை இறுக்குவதற்கு முன் அதிர்வால் நகையைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போடச் சம்மதிக்காதீர்கள். தளர்ந்த கல் அந்த அதிர்வில் கழன்றுவிடும். தங்கசாலைத் தெருப் பட்டறையோ, வாங்கிய கடையோ, எங்கே கொடுத்தாலும் முதலில் எடை போட்டு, விளிம்பில் உள்ள எண்ணை லூப்பில் அவரையும் படிக்கச் சொல்லி, இரண்டையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு மோதிரத்தைக் கொடுங்கள்.