சால்டர் செய்த பிறகுதான் தெரியும் குறை: லோரா கிட் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

சிம் கார்டும் இணையமும் இல்லாமல் குறுஞ்செய்தி அனுப்பும் கருவியை மாணவர்களே செய்யலாம் என்ற விளம்பரத்தை நம்பி, எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கும் அவள் தோழிக்கும் இணைய வழியில் ஒரு லோரா (குறைந்த திறனில் நெடுந்தூரம் செய்தி அனுப்பும் ரேடியோ முறை) கிட் வாங்கிக் கொடுத்தேன். ஈஎஸ்பி32 எனும் சிறு கணினிப் போர்டு, ரேடியோ மாட்யூல், சிறு திரை, ஆன்டெனா, 18650 எனும் உருளை வடிவ லித்தியம் பேட்டரி எல்லாம் இரண்டிரண்டாக வந்தன. ‘866 மெகாஹெர்ட்ஸ், நகருக்குள் 10 கிலோமீட்டர்’ என்று விளம்பரம் சொன்னது.

இரண்டையும் ஒரே மேசையில் வைத்தபோது செய்தி போனது. ஒன்றைத் தெருமுனைக்குக் கொண்டுபோனதும் நின்றுவிட்டது. விற்பனையாளரைக் கேட்டால், சால்டரிங் சரியில்லை என்றும், சால்டர் செய்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்றும் பதில் வந்தது. அதை நம்பிய என் மகள், எல்லா இணைப்புகளையும் உருக்கி மறுபடியும் செய்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது பணத்துக்காக மட்டுமல்ல.

ரேடியோ பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர் மாட்யூலின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தபோது, அடியில் 433 என்று அச்சாகியிருந்தது. அதில் இருப்பது எஸ்எக்ஸ்1278 சிப். அது 137 முதல் 525 மெகாஹெர்ட்ஸ் வரைக்குமானது. 866-இல் இயங்க எஸ்எக்ஸ்1276 அல்லது எஸ்எக்ஸ்1262 போன்ற சிப் வேண்டும். 1276, 1278 இரண்டும் மென்பொருளுக்கு ஒரே பதிப்பு எண்ணையே தருவதால், திரையில் ‘ரேடியோ தயார்’ என்று வந்துவிடுகிறது. பக்கத்தில் வைத்தால் கசியும் அலையிலேயே செய்தியும் போய்விடுகிறது. ஆகவே பழி, சால்டரிங் இரும்பைப் பிடித்த பிள்ளையின் மேல் விழுகிறது.

அப்படியானால் 433-லேயே ஓட்டிக்கொள்ளுங்கள் என்று பிறகு விற்பனையாளர் தரப்பில் ஒரு யோசனை சொன்னார்கள். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை, வரையறுத்த திறனுக்குள், உரிமமின்றி வெளியிலும் பயன்படுத்தலாம். 433-க்கு உள்ள விலக்கு, கட்டடத்துக்குள் மிகக் குறைந்த திறனில் இயங்கும் கருவிகளுக்கானது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் யோசனையா இது?

பேட்டரியில் 9,900 எம்ஏஎச் (மின் கொள்ளளவின் அலகு) என்று அச்சிட்டிருந்தார்கள். நல்ல 18650 செல்லே சுமார் 3,500 எம்ஏஎச் தான் தரும்; எடையும் 45 கிராமுக்கு மேல் இருக்கும். வந்தது கையில் எடுத்தாலே லேசாகத் தெரிந்தது. அதைவிட மோசம், அதன் இணைப்பியில் சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் போர்டில் குறித்திருந்ததற்கு நேர்மாறாக இருந்தன. மல்டிமீட்டரால் பார்க்காமல் செருகியிருந்தால் போர்டு அங்கேயே புகைந்திருக்கும்.

வாங்குவதற்கு முன் மாட்யூலின் முழு எண்ணையும் சிப்பின் பெயரையும் எழுத்தில் கேளுங்கள். பெட்டியைத் திறந்ததும், சால்டர் செய்வதற்கு முன்பே, மாட்யூலை இருபுறமும் படமெடுத்து வையுங்கள். ஆன்டெனா பொருத்தாமல் கருவியை இயக்க விடாதீர்கள். அலைபரப்பும் பகுதி பழுதாகலாம், அதையும் உங்கள் தவறென்று சொல்வார்கள். விளம்பரத்துக்குப் பொருந்தாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் கூறுகின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அந்த எண்ணில் புகார் பதிந்த பிறகு விற்பனையாளர் இறங்கி வந்திருக்கிறார். பேட்டரிக்கான தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவாராம், நான் ஒப்புக்கொள்ளவில்லை.