ஜெனரேட்டரோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணையும் வாங்கித் தருவதாகச் சொல்லி எங்களை ஏமாற்றிய விதம்

குடியாத்தம் அருகே எங்கள் குடும்பம் நடத்தும் சிறிய திருமண மண்டபத்துக்கு, சென்ற வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்பாக 100 கே.வி.ஏ. (ஜெனரேட்டரின் திறனைக் குறிக்கும் அளவு) டீசல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கினோம். வேலூரிலிருந்து வந்த இடைத்தரகர் ஒருவர், அது ஓராண்டு மட்டுமே ஓடியது என்றும், 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய புகை விதிகளுக்கு உட்பட்டது என்றும் உறுதி கூறி 7,40,000 ரூபாய் வாங்கினார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணைக்கென்று, அதாவது அதன் அனுமதி உத்தரவுக்கென்று, தனியே 35,000 ரூபாயும் பெற்றுக்கொண்டார்.

இரண்டாவது முகூர்த்தத்திலேயே பக்கத்து வீட்டுப் பெரியவர் மூச்சுத்திணறலோடு வந்து நின்றார். அவர் வீட்டு மாடி முழுவதும் கரி படிந்திருந்ததை நேரில் பார்த்தபோது எனக்கு மிகுந்த வெட்கமும் வேதனையும் ஏற்பட்டன. புகைக்குழாயின் உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு என்பதை அதன்பிறகே அறிந்தேன். கே.வி.ஏ. எண்ணின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கி வரும் மீட்டரைக் கட்டட உயரத்தோடு கூட்ட வேண்டும். 100 கே.வி.ஏ.வுக்கு அது 2 மீட்டர். எங்கள் மண்டபம் 9 மீட்டர் உயரம் என்பதால் குழாய் 11 மீட்டரில் முடிந்திருக்க வேண்டும். இடைத்தரகர் வைத்த ஆட்களோ முதல் மாடி ஜன்னல் மட்டத்தில் அதைப் பக்கத்து வீட்டை நோக்கி வளைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

சந்தேகம் வந்து இயந்திர எண்ணைத் தயாரிப்பாளரின் சேவை மையத்தில் கொடுத்துக் கேட்டோம். அது 2012-இல் தயாரானது. மேலே புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். இந்தத் திறனுள்ள இயந்திரம் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளிவிடும் நுண்துகளுக்கு 2014 விதி வைத்த வரம்பு 0.2 கிராம், இப்போதைய வரம்பு 0.02 கிராம். எங்களுடையது அந்தப் பழைய வரம்புக்கும் முந்தைய காலத்துச் சரக்கு. இப்போதைய விதிக்கு ஏற்ப வரும் இந்த அளவு ஜெனரேட்டர்களில் பெரும்பாலும், புதிய லாரிகளில் இருப்பதைப் போல, யூரியா கரைசல் ஊற்றும் தொட்டி இருக்கும். அது இல்லாததைக் கண்டவுடனே நான் கேட்டிருக்க வேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் 1986-க்கு உட்பட்டது என்ற வாசகமும், அந்த மாதிரி இயந்திரம் சோதனையில் தேறியதற்கான வகை ஒப்புதல் சான்றிதழின் எண்ணும், ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபல் என்ற ஒலி வரம்பும் பொறித்த தகடு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ரிவெட் துளைகள் மட்டுமே இருந்தன.

இசைவாணை விஷயம் இதைவிட மோசம். வாரியத்துக்கான விண்ணப்பம் இணையத்தில், உரிமையாளரின் பெயரில் பதிவு செய்து அனுப்ப வேண்டியது. கட்டணம் நிறுவனத்தின் சொத்து மதிப்பையும் அதன் வகையையும் பொறுத்தது. இடைத்தரகர் கொடுத்த தாளில் விண்ணப்ப எண்ணே இல்லை. மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் விசாரித்தபோது, எங்கள் பெயரில் எந்த விண்ணப்பமும் வரவில்லை என்று தெரிந்தது. இப்போது நாங்களே விண்ணப்பித்திருக்கிறோம்.

குழாயை உயர்த்திவிட்டோம், ஆனாலும் அந்த இயந்திரத்தை ஓட்டாமல், விதிக்கு உட்பட்ட ஒன்றை வாடகைக்கு எடுத்தே முகூர்த்தங்களை நடத்துகிறோம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்துள்ளோம். பணம் இன்னும் திரும்பவில்லை. அதே மனிதர் காட்பாடி, பள்ளிகொண்டா பக்கத்து மண்டபங்களுக்கும் விலை சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டதால்தான் இதை எழுதுகிறேன். அவரிடம் முன்பணம் கொடுத்தவர்கள், மீதியைத் தருவதற்கு முன்பு அந்தத் தகட்டையும் விண்ணப்ப எண்ணையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.